மெழுகுவர்த்தி அணையும் உயரம்

செவ்வாய், மூன்றாம் குடியிருப்பு. பீர் ஆலைக் குறிப்பேடு.
நேரத்தையும் மீட்டரையும் இயந்திரம் தானே பதிக்கும். மற்றது என் கை. எழுதுவது அமலோற்பவம்.

நாள் 211. காலை 6.10. மீட்டர்: காற்று சுத்தம்.
கோஜி அறை 34 டிகிரி. அரிசியைக் கிளறிவிட்டேன். ஜப்பான்காரர்கள் சாக்கே என்ற அரிசி மதுவுக்கு வளர்க்கிற அதே பூஞ்சைதான் கோஜி. வெந்த அரிசியில் வளர்த்து, பார்லியோடு சேர்த்துப் பீராக்குகிறேன். இந்தக் கிரகத்தில் இது தெரிந்தவள் நான் ஒருத்தி. மேலாளர் கிரிதரனுக்கு அதுதான் எரிச்சல். நாளைப் பகலில் கம்பெனிப் பெரியவர்கள் ஆறு பேருக்கு விருந்து. கோப்பைக்கு ஒரு பண்டம். முதல் கோப்பைக்கு, சமையல்காரி சந்தனமாரி மாசிக் கருவாட்டைப் பூப்போலச் சீவி வைத்திருக்கிறாள். நாக்கில் பீரும் கருவாடும் சண்டை போடாமல் சேர்கின்றன.

நாள் 211. பகல் 2.40. மீட்டர்: காற்று சுத்தம்.
மெழுகுவர்த்தி: கணுக்கால்.
விருந்து, பீர் புளிக்கிற தொட்டிக் கூடத்திலாம். மூன்று படி இறங்கவேண்டிய பள்ளம் அது. ஜப்பான் முறையென்று கிரிதரன் தரையில் பாய் விரித்திருக்கிறார். மணம் கலைந்துவிடுமாம், காற்றாடிகளை நிறுத்தி ஒத்திகை பார்த்தார். புளிக்கிற பீர் கரியமில வாயுவை விடும். அது கனம், தரையில் தேங்கும். என் அப்பா கிணறு தூர் எடுப்பவர். விளக்கை இறக்கிப் பார்க்காமல் கால் வைக்கமாட்டார். நானும் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கணுக்கால் உயரத்தில் அணைந்தது. போய்ச் சொன்னேன்.
பதிலை எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் சொன்னார்: "ஆச்சி, மீட்டரே சுத்தம்னு சொல்லுது. அஞ்சாப்பு படிச்சிட்டு அதுக்குப் பாடம் எடுக்காதீங்க."
மீட்டர் கூரையில் இருக்கிறது. கூரையிலா பாய் விரித்திருக்கிறார்?

நாள் 212. காலை 10.05. மீட்டர்: காற்று சுத்தம்.
தீ வைத்த குற்றமாம். தொட்டிக் கூடத்தை ஒட்டி அதே பள்ளத்தில் இருக்கிற கோஜி அறையில் என்னை வைத்துப் பூட்டிவிட்டார். மெழுகுவர்த்தி ஒன்றைப் பிடுங்கினார். அரிசித் தட்டுக்கடியில் பதினொன்று இருக்கிறது.
கிரிதரன்: "மன்னிப்புன்னு ஒரு வரி அனுப்புங்க, திறந்து விடுறேன்."
அனுப்பவில்லை. ஏழு பேரப்பிள்ளைகளுக்கு நிமிர்ந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். செய்யாத தப்புக்கு இவனிடமா குனிவேன்?

நாள் 212. பகல் 12.20. மீட்டர்: காற்று சுத்தம்.
மெழுகுவர்த்தி: கணுக்கால். என் அறையிலேயே. கூடத்திலிருந்து கதவிடுக்கு வழியாக வருகிறது.
சந்தனமாரி, அடுக்களைப் பேசும் கருவியில்: "ஆச்சி, ஒருத்தரு தலைவலிக்குங்காரு. சரக்கு ஏறுதுன்னு மத்தவங்க சிரிக்காங்க."
நான்: "நீ உட்காராதட்டீ. காத்தாடியைப் போடு."
"காத்தாடி சாவி, ஒங்க அறை சாவி ரெண்டும் அவரு பையில இருக்கே."

நாள் 212. பகல் 12.45. மீட்டர்: காற்று சுத்தம்.
மெழுகுவர்த்தி: முழங்கால்.
கதவுக் கண்ணாடி வழியே கூடத்தைப் பார்க்கிறேன். ஒருவர் சுவரில் சாய்ந்துவிட்டார்.
கிரிதரன்: "எங்க ஆச்சி பீரு மூணாங் கோப்பையிலேயே ஆளைச் சாய்க்குது பாத்தீங்களா."
பொய். மூன்று சின்னக் கோப்பைக்கு என் பீர் யாரையும் சாய்க்காது.
12.46. மன்னிப்பு என்று எழுதி அனுப்பினேன். படிக்கப்படவில்லை என்று காட்டுகிறது.

நாள் 212. பகல் 12.58. மீட்டர்: காற்று சுத்தம்.
மெழுகுவர்த்தி: தொடை.
ஏழு பேரும் பாயில் கிடக்கிறார்கள். கிரிதரன் கையில் கோப்பை.
சந்தனமாரி: "ஆச்சி, சாவியை எடுத்துட்டு வந்து ஒங்களத் தொறக்கேன்."
குனியாதே என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.
குனிந்தாள்.

நாள் 212. பகல் 1.15. மீட்டர்: காற்று சுத்தம்.
மெழுகுவர்த்தி: இடுப்பு.
அரிசி அடுக்கின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். தலை கனக்கிறது. மன்னிப்பு இன்னும் படிக்கப்படவில்லை. காலையில் கேட்டபோதே அனுப்பியிருந்தால்.

நாள் 212. பகல் 1.40. மீட்டர்: காற்று சுத்தம்.
மெழுகுவர்த்தி: நெஞ்சு. கடைசி ஒன்று மிச்சம்.
வருகிறவருக்கு. மீட்டரை நம்பாதே. விளக்கை இறக்கிப் பார். சந்தனமாரி கடைசிப் படியருகே கிடப்பாள், சாவி கையில். முகத்தைப் பார்க்கக்கூடக் குனியாதே. பீரில் குறை இல்லை என்று எழுதி

நாள் 212. பகல் 2.10. மீட்டர்: காற்று சுத்தம்.
மெழுகுவர்த்தி: மேல்தட்

நாள் 212. பகல் 2.40. மீட்டர்: காற்று சுத்தம்.

நாள் 212. பகல் 3.10. மீட்டர்: காற்று சுத்தம்.