ஜீப் வரும் வரை செய்த வேலை

பள்ளிவாசல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆர்த்திக்கு அம்மா பூமாரி எழுதுவது. இங்கே விடாத மழையிலும் நானும் அப்பாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க முப்பிடாதி அம்மன் துணை நிற்கட்டும். பக்கத்து வீட்டு ஏசுரத்தினம் அண்ணனின் மருமகன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இந்தக் கடிதமும் ஒரு பாட்டில் பூண்டு ஊறுகாயும் கொடுத்து விடுகிறேன். காந்தலூர் அத்தை அனுப்பிய பூண்டு, நல்ல காரம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறார், சொன்னால் கேட்பதில்லை. போன வாரம் லயத்துக்குப் பின்னால் யானை வந்து நம் வாழை நான்கையும் தின்றுவிட்டுப் போய்விட்டது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ அம்மா அம்மா என்று குறுக்கே பேசியே என்னை அடக்கிவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது, முழுக்கப் படி.

ரிசார்ட்டில் எங்கள் ஆறு பேரையும் ஜூன் மாதம் வேலையை விட்டு நிறுத்தியது உனக்குத் தெரியும். மேனேஜர் ஜோமோன், சேச்சிமாரே சீசன் மோசம், ஆள் குறைக்கச் சொல்லி மேலே இருந்து ஆர்டர் என்று ஒரு கட்டன் சாயாவும் பழம்பொரியும் கொடுத்து எட்டு வருஷத்தை முடித்துவிட்டான். நான் அழவில்லை, ஆறு பேரில் டின்சிதான் அழுதாள். பிறகு பி.எஃப். பணம் எப்படி எடுப்பது என்று கேட்கத்தான் நானும் டின்சியும் லேபர் ஆபீசுக்குப் போனோம், வேறு எந்த எண்ணமும் இல்லை, சத்தியமாக. அங்கே இருந்த ஆபீசர் அம்மா தங்கமானவர், எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், காலையில் ஆறே காலுக்கு லயத்து முக்கில் ஜீப் ஏறினால் ஆறே முக்காலுக்கு உள்ளே இருப்போம், சாயங்காலம் ஆறரை ஜீப்பில்தான் இறங்குவோம், எட்டு வருஷத்தில் ஒரு நாள் லேட் இல்லை என்று. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்க கடலாசுல எட்டுலருந்து அஞ்சுன்னுதானே இருக்கு, மிச்ச நேரம் அங்க என்ன செஞ்சீங்க என்று கேட்டார். அது டூட்டி இல்லைங்க மேடம், ஜீப் வேலை என்றேன்.

ஆர்த்தி, உனக்கே தெரியும் அந்தப் பேர். நாங்கள்தான் வைத்தோம், எங்களைப்போல முட்டாள் எவளும் கிடையாது. காலையில் போனதும் அழுக்குத் துணி பிரித்து, ரூமுக்கு ஒன்றாகச் சோப்பு ஷாம்பு எண்ணி, ட்ராலி நிறைத்து, முற்றத்து இலையெல்லாம் கூட்டி, தலைக்கு வலை மாட்டிய பிறகுதான் ஜோமோன் எட்டு மணிக்கு மெஷினில் விரல் வைக்க விடுவான். சாயங்காலம் ஐந்துக்கு விரல் வைத்துவிட்டு, ஜீப் வரும் வரை சும்மா எதற்கு இருக்கிறீர்கள் சேச்சி என்று சொல்லித் துண்டுகளைக் கொட்டுவான். கல்யாணமான புது ஜோடிகளின் கட்டிலில் வைக்கத் துண்டை அன்னப் பறவை மாதிரி மடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு இருபது, முப்பது அன்னம். ஓசியாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறானே, பஸ்ஸுக்குக் கொடுத்தால் எவ்வளவு ஆகும், அதற்குப் பதிலாகக் கையை அசைத்தால் என்ன என்று நாங்களே எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். முடியாது என்று ஒருத்தி சொன்னால் மற்ற ஐந்து பேரும் அவளைத்தான் ஏசுவோம், ஜீப்பை நிறுத்திவிடுவான்டி என்று. இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆபீசர் அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அந்த மலைக்கு பஸ்சே போகாதே, ஜீப் இல்லேன்னா அவங்களுக்கு வேலைக்கு ஆள் கிடைக்குமா, ஜீப் அவங்க காரியத்துக்கு விட்டது, உங்களுக்குப் போட்ட தர்மம் இல்ல என்றார். உள்ளே நிறுத்தி வேலை வாங்கினால் அது வேலை நேரம்தான், கூடுதல் நேரத்துக்கு இரட்டிக் கூலி உண்டு, வேலை போய்விட்டது என்பதற்காகச் செய்த வேலையின் கூலி போய்விடாது, எழுதிக் கொடுங்கள் என்றார். எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்பது விசாரணை முடிந்தால்தான் தெரியுமாம். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா நல்லமுத்து ஒரே குதி குதித்தார். ஏளா, யானைகிட்டயும் மேனேஜர்கிட்டயும் எதுத்து நிக்கக் கூடாது, உப்புத் தின்ன வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாத என்றார். யாருக்கு யார் உப்புப் போட்டது, அவன் உப்பையும் சேர்த்துச் சுமந்தது நான்தான் என்று சொல்லிவிட்டு மறுநாளே டின்சியை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். மற்ற நாலு பேரும் வரவில்லை, சீசன் வந்தால் திரும்பக் கூப்பிடுவான் என்று காத்திருக்கிறார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இதுகள் அழவும் மாட்டேன் என்கின்றன.

போன வியாழக்கிழமை விசாரணை. ஜோமோன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, மேடம் இவங்க ஜீப் சீக்கிரம் வர்றதால சீக்கிரம் வருவாங்க, சாயா குடிச்சு வர்த்தமானம் பேசிட்டு இருப்பாங்க, யாரும் வேலை செய்யச் சொல்லல என்று கூசாமல் சொன்னான். ஜீப் டிரைவர் சிஜுவையும் ஆபீசர் கூப்பிட்டிருந்தார். அவன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான், பாவம் ஜோமோன் இருந்த பக்கமே திரும்பவில்லை, ஆனாலும் டீசல் கணக்குக்கு ஏத்துற நேரமும் இறக்குற நேரமும் தினம் எழுதுவேன், எழுதினது எழுதினதுதான் மேடம் என்று சொல்லிவிட்டான். அந்த நோட்டுகளை எல்லாம் அடுத்த விசாரணைக்குக் கொண்டு வர வேண்டும் என்று ஆபீசர் உத்தரவு போட்டார். அப்போதுதான் ஜோமோன், இவங்க மகளே இந்தத் தொழில்ல சூப்பர்வைசர், அவளுக்கு இருக்கிற விவரம் அம்மாவுக்கு இல்ல என்று சொல்லிப் போனை எடுத்து மேசை மேல் வைத்து ஒன்றைத் தட்டினான். உன் குரல் வந்தது, நீ அவனுக்குப் போனில் பேசி அனுப்பியது.

ஜோமோன் சேட்டா, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, யாரோ தூண்டி விட்டிருக்காங்க, நான் பேசிச் சரி பண்றேன், எங்க ஹோட்டல்லயும் பிள்ளைங்க முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்து ட்ராலி நிறைச்சு வச்சாத்தான் பஞ்ச் பண்ண விடுவேன், எல்லா எடத்துலயும் அப்படித்தானே, அம்மாவும் எட்டு வருஷம் அங்க அதைத்தான் செஞ்சாங்க, இப்ப வந்து கணக்குக் கேட்டா என்ன அர்த்தம். இதுதான் நீ சொன்னது, ஒரு வார்த்தை கூட நான் கூட்டவில்லை. அந்த மனுஷன் கெட்டிக்காரன் என்று தன்னை நினைத்துக்கொண்டான், ஆபீசர் அம்மா அவனை விட்டாரா, இப்பத்தானே சாயா குடிச்சாங்கன்னு சொன்னீங்க, இந்தப் பெண்குட்டி ட்ராலி நிறைச்சாங்கன்னு சொல்லுதே, அப்போ இவங்க பணி எடுத்தது சத்யம்தானே என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஜோமோனுக்கு முகம் செத்துப் போயிற்று. டின்சி என் கையைக் கிள்ளுகிறாள், நாம் ஜெயித்துவிடுவோம் சேச்சி என்று. எனக்குச் சந்தோஷமே வரவில்லை மகளே. தலை நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை.

உன் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். உனக்கு ட்ரெயினிங் கொடுத்து மஸ்கட் வேலைக்குச் சிபாரிசு செய்தது ஜோமோன்தான், அந்த நன்றி உனக்கு இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு என்னை ஒன்றும் தெரியாதவள் என்று அவனிடமே சொல்வாயா. உன் காலேஜ் ஃபீஸில் அந்த அன்னம் மடித்த சாயங்காலங்களும் இருக்கிறதடி. ரிசார்ட்டிலிருந்து வந்து நான் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போவேன், நீதான் எழுப்பிச் சோறு கொடுப்பாய், அது அப்பாவுக்கும் தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நீ, உன் கையில் நாலு பெண்களைக் கொடுத்ததும் ஜோமோன் செய்ததையே செய்ய எப்படி மனசு வந்தது? ஒரு நேபாளத்துப் பெண் கால் வீங்கி அழுகிறாள், சோம்பேறி என்று போன மாதம் சொன்னாயே, அவள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று கேட்டாயா? மேலே உள்ளவன் சொல்கிறான் நான் என்ன செய்ய என்பாய். ஜோமோனும் அதைத்தான் சொன்னான். அந்தப் பிள்ளைகள் உள்ளே கால் வைத்ததும் மெஷினில் விரல் வைக்கட்டும், இல்லை என்றால் விரல் வைத்த பிறகு ட்ராலியைத் தொடட்டும். அதற்கு உன் மேனேஜர் கத்தினால் கத்தட்டும், இங்கே சிஜு அவ்வளவு பயத்திலும் சொல்லவில்லையா.

தூண்டி விட்டது யாரும் இல்லை என்பதையும் தெரிந்துகொள். பணம் அனுப்புகிறேன் கேசை விடு என்று மறுபடி சொல்லாதே, உன் பணத்தை நீ சேர்த்து வை. இப்போதைக்குத் தேயிலைக் கடை ஒன்றில் பாக்கெட் போடப் போகிறேன், ஒன்பது முதல் ஐந்தரை, ஐந்தரை ஆனதும் பையைத் தூக்கிவிடுவேன், முதலாளி முறைக்கிறான். ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டுக் கெடுக்காதே. தலைக்கு எண்ணெய் வை, ஏசியில் கூந்தல் கொட்டும். என்ன ஏசினாலும் நீ என் பிள்ளை, நல்ல மாப்பிள்ளையும் நிறைந்த ஆயுசும் அமைந்து நீ குறையில்லாமல் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

மறக்காதே, அடுத்த விசாரணை இருபதாம் தேதி காலை பதினொன்றுக்கு. ஜோமோன் மறுபடியும் உன் குரலைப் போட்டுக் காட்டினால், அது பழைய பேச்சு மேடம், என் மகள் இப்போது அப்படிச் செய்வதில்லை என்று அந்த மேசைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லத்தான் போகிறேன். என்னைப் பொய் சொல்ல வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ந. பூமாரி