மேலே நடு, கீழே ஓரம்

பாய்,

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் இன்று காலை கொடி ஏற்றினார்கள். கம்பத்து உச்சியில் கப்பி கிறீச்சென்று கத்தியது. நம் பட்டறையில் துளை போட்டதாக இருக்குமோ என்று உடனே ஒரு சந்தேகம். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் இந்தப் புத்தி என்னை விடவில்லை. உங்களிடமிருந்து தொற்றியதுதானே!

அடேயப்பா, நீங்கள் எதைத்தான் நம்பினீர்கள்? கடையில் வாங்கிய அளவுகோலை நம்பமாட்டீர்கள். சீனி போட்டாயிற்று என்று டீக்கடைக்காரர் சொன்னாலும் கலக்கிப் பார்ப்பீர்கள். பட்டறையில் நாம் சரிபாதிக் கூட்டாளிகள். ஆனாலும் நான் குத்திய நடுப்புள்ளியை நீங்கள் அளந்த பிறகுதான் டிரில் மெஷின் ஓடும்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அது. காஜா பெராங்கில் நம் பட்டறைக்குக் கொடிக்கம்பக் கப்பிகளாகவே வேலை வந்தது. பித்தளைச் சக்கரத்தின் நடுவில் துளை நேராக இறங்காவிட்டால் சக்கரம் ஆடும், கயிறு சிக்கும். "கொடி பாதியில நின்னா யாரோ செத்துட்டாங்கன்னு ஊரே நினைக்கும் லா" என்பீர்கள்.

மனைவியின் பிரசவத்துக்காகத் தம்பின் ஊருக்குப் போயிருந்தேன். நான் வரும்வரை மெஷின் ஓடவில்லை. திரும்பி வந்து வேலையைத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. புள்ளி சரி, சின்ன முனையால் முதலில் வழி போட்டதும் சரி. ஆனால் மேலே நடுவில் நுழைந்த துளை கீழே ஓரமாக வெளியே வந்தது. ஒவ்வொரு சக்கரமும் அப்படியே.

"யாராச்சும் மெஷின் மேடையைச் சாய்ச்சாத்தான் இப்படி வரும்."

"யாராச்சும்னா யாரு பாய்? இங்க நாம ரெண்டு பேர்தானே!"

"கிளேபாங் பட்டறைக்காரன் உன்னைக் கூட்டுச் சேரக் கூப்பிட்டானாமே, தவுக்கே."

முதலாளி என்று ஒருவரையொருவர் கேலி செய்யத்தான் அந்தச் சொல். அன்று அதில் கேலி இல்லை. அவன் கூப்பிட்டது உண்மை, நான் மாட்டேன் என்றதும் உண்மை. நீங்கள் நம்பவில்லை. நானும் உங்களை நம்பவில்லை. வேலை குவிகிற நேரம் பார்த்து என்னைக் கழற்றிவிட நீங்களே ஏதோ செய்கிறீர்களோ என்று உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிந்துவிடுவோம் என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மறுநாள், மெஷின் மேடையில் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தூக்கி நின்றது. வைஸின் வாய்க்குள், சக்கரம் உட்காரும் இடத்தில் நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது. முகர்ந்தால் சந்தனம்!

"இது யார் வேலை பாய்?"

உங்கள் முகம் சுண்டிப்போனது.

"நான்தான். ஆயுத பூசைக்கு நீ இல்ல. மெஷின் மொட்டையா நிக்குதேன்னு பக்கத்துச் செட்டி வீட்டம்மாகிட்ட வாங்கி அப்பினேன். தர்காவுல பூசுறதுதானே, எனக்கென்ன புதுசா? வாய்க்குள்ளயும் வச்சாத்தான் முழுசாகும்னு நினைச்சேன். நீ வந்தா சிரிப்பியேன்னு வெளிய இருந்ததை மட்டும் துடைச்சிட்டேன்."

சிரித்தேன். விலா வலிக்கச் சிரித்தேன். நீங்களும்தான். சுரண்டிக்கொண்டே கேட்டேன்.

"கிளேபாங் கதை எப்போ உங்க காதுக்கு வந்துச்சு?"

"நீ தம்பினுக்குப் போன அன்னைக்கே. நீ இனிமே வரமாட்டேன்னுதான் நினைச்சேன்."

வரமாட்டான் என்று நினைத்தவனின் பூசையையா பாய் விடாமல் செய்தீர்கள்? அன்று கேட்காததை இப்போது கேட்கிறேன். அதன்பிறகு யார் மீது சந்தேகம் வந்தாலும், என்னால் முழுதாகச் சந்தேகிக்க முடிவதில்லை.