கதிர் கீறிய வீடும் மூடிய கானும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. மழை இல்லை.

பேரன் கதிர் கொழும்பில் வீடுகளுக்குப் பிளான் கீறுகிறான், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் படிப்புப் படித்த முதல் ஆள். அவன் தங்கை சுகந்தி பண்டாரவளையில் டீச்சர். சின்னவள் யாழினி ஓ.எல். பரீட்சையில் ஒன்பது பாடமும் ஏ. ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போன எனக்கு இது போதாதா?

நாங்கள் இருக்கிறது பழைய மாட்டுப் பண்ணை வீடு. மகன் ராசு வாங்கி, தொழுவத்தை அறைகளாக்கினான். இப்போது கதிரின் பிளான்: முன்னால் கண்ணாடி, பின்னால் மேட்டை வெட்டிச் சமைக்கப் பெரிய குசினி.

மேட்டுக்கு மேலே மழைத் தண்ணீரைத் திருப்பிவிடும் பழைய கான். மேசன் செல்வம் கேட்டான்: "ஆச்சி, இந்தக் கான என்னா செய்ய? பிளான்ல இல்லியே."

"எம்பேரன் கீறாதது நமக்கு வேணாம். மண்ணப் போட்டு மூடு."

"பெரிய இஞ்சினியர் ஆச்சி சொன்னாச் சரி!"

சிரித்தான். எனக்கும் பெருமை.

நவம்பர் 5, புதன்

நேற்றிலிருந்து மழை. வேலை நின்றது. உப்பு முடிந்துவிட்டது.

நடு அறைச் சுவரில், கதிரின் பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே, முடி போல ஒரு வெடிப்பு. வெற்றிலைச் சுண்ணாம்பைக் குறுக்கே பூசினேன். தோட்டத்து லய வீட்டில் இருந்தபோது அப்படித்தான் பார்ப்போம். பூச்சு பிளந்தால் சுவர் நகருகிறது.

மருமகள்: "என்னா அத்தே, செவத்துக்கும் வெத்தில குடுக்குறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீரியபெத்தயில் மலை சரிந்து மண்ணுக்குள் போன தங்கச்சி நினைப்பு.

நவம்பர் 6, வியாழன்

சுண்ணாம்பு பிளந்திருக்கிறது.

குடையோடு பின்னால் போய்ப் பார்த்தேன். வெட்டிய மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஊறுகிறது. கதிரிடம் சொல்வதா? பிளான் பிழை என்று ஊர் பேசுமே. மதியம் வரை வாய் திறக்கவில்லை. பிறகு பயம் தாங்காமல் போன் போட்டு, வெடிப்பையும், கான் பக்கமிருந்து தண்ணீர் ஊறுவதையும் சொன்னேன்.

"அப்பாயி, அங்க கான் இருந்துச்சா? போட்டோவப் பாத்துத்தானே கீறுனேன்."

"இருந்துச்சுய்யா. நாந்தான் மூடச் சொன்னேன்."

"ஒடனே வெளிய எறங்குங்க. வீடு கெடக்கட்டும்."

ராசு அசையவில்லை. "இவ்வளவு கட்டிட்டு எப்படிம்மா விட்டுட்டுப் போறது?" கையைப் பிடித்து இழுத்தேன்.

எடுத்தவை: அடையாள அட்டைகள், பிரஷர் மாத்திரை, சாமி விளக்கு, கொஞ்சம் அரிசி. படம் சுவரிலேயே.

நவம்பர் 7, வெள்ளி

கோயில் மண்டபம். எல்லாரும் உயிரோடு.

விடியும்போது மேடு இறங்கிவிட்டது. குசினியும் நடு அறையும் சேற்றுக்குள். முன்பக்கம் மட்டும் நிற்கிறது. மேலே இன்னும் மண் தொங்குகிறதாம், கிராம அதிகாரி ஜி.எஸ். ஐயா யாரையும் கிட்டே விடவில்லை. ஓட்டில் மழை பலத்தால் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறேன்.

கதிர் போனில் அழுகிறான். அழாதே ராசா. கானை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

உன் படம் அந்தச் சேற்றில் போய்விட்டது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், சுகந்தி விலாசத்துக்கு.