பங்க் ஓரத்து வயல்

19.11.2007, திங்கள்
பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறைக்கிணற்றில் மோட்டார் வால்வு மாற்ற இறங்கிய என் வீட்டுக்காரர் மேலே வரவில்லை. விஷவாயு என்றார்கள். மகள் வேம்புவின் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறேன். அவளிடம்கூடச் சொல்ல முடியாதது இருக்கிறது. ஐந்தாவதுதான் படித்தேன், தப்பு இருந்தால் இருக்கட்டும்.

21.11
அவர் இறந்த அன்றைக்குப் போலீஸ் கேட்டது, "கிணத்துல எண்ணெய் மிதக்குதே, எப்படிம்மா?"
"நெல்லுல விழற கூண்டுப்புழுவுக்கு மண்ணெண்ணெய் ஊத்துவாருங்க. கயித்தை நனைச்சுப் பயிர் மேல இழுப்பாரு. அளவே தெரியாது அவருக்கு." நான்தான் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.
மழை இறங்கியதிலிருந்து வயலிலும் எண்ணெய் மிதந்தது. தினமும் திட்டினேன். "நான் ஊத்தலடி" என்றார். நம்பவில்லை. ஏன் நம்பவில்லை?

24.11
நாங்கள் குத்தகைக்கு உழும் நிலம் பஞ்சநதத்தினுடையது. பக்கத்தில் நாலு வருஷமாக மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க்கும் அவருடையதுதான். ஆள் அனுப்பினார். குத்தகைக்காரன் மண்ணெண்ணெய் ஊற்றி நிலத்தைக் கெடுத்துவிட்டானாம், காலி செய்யச் சொல்லி மனு போட்டிருக்கிறாராம். சாட்சி? என் வாக்குமூலம்!
மாமனார் விவசாயச் சங்கக் கொடி பிடித்து, மண்டை உடைந்து, தாலுகா ஆபீசில் பதிந்த குத்தகை. என் வாயால் போகப்போகிறது.

25.11
வடித்த சோற்றை மாட்டுக்கு வைத்தேன்.

29.11
மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் அவருடைய கேன். எடுத்தால் கனக்கிறது. ரேஷனில் வாங்கிய அன்று மூடியில் நான் கட்டிய துணி, நான் போட்ட முடிச்சு, அப்படியே. வெள்ளைக் கேனுக்குள் ரேஷன் மண்ணெண்ணெயின் நீலம் தெரிகிறது, வாய் வரைக்கும். கிணற்றில் மிதந்ததில் நீலம் ஏது?
ஒரு சொட்டு ஊற்றவில்லை அந்த மனுஷன். பாவி, நான் என்னவெல்லாம் பேசினேன்.

3.12, திங்கள்
கேனைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனேன். வாசலில் இரண்டு போலீஸ்காரிகள் பாய்ந்து பிடித்தார்கள்.
"மண்ணெண்ணெயோடயா வர்றே? கொளுத்திக்கப் போறியா?"
"காட்டத்தாம்மா கொண்டாந்தேன்! கொளுத்துறதா இருந்தா என்னை ஏன் கொளுத்திக்கறேன்? கொளுத்த வேண்டிய ஆளு வேற இருக்கு."
கூட்டம் கூடிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு அதிகாரியே வந்து கேட்டார். முடிச்சைக் காட்டினேன். மண்ணைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். கேனைத் திருப்பித் தரவில்லை.

18.12
மண் எடுக்க ஹமீதா பானு என்று ஒரு மேடம் வந்தார். பங்க்கில் பஞ்சநதம் அதற்குள் வண்டல் கொட்டி நிரவியிருந்தார்.
"மண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார்.
"மேல் மண்ணைப் பார்க்க நீங்களே போதுமே சார், எனக்கெதுக்குச் சம்பளம்?" என்றுவிட்டு மேடம் பன்னிரண்டு அடிக்குத் துளை போட்டார். கறுப்பாய் வந்தது. அந்த நாற்றம்! கிணற்றிலிருந்து தூக்கியபோது அவர் சட்டையில் இருந்த நாற்றம்.
"பெட்ரோல்தானே மேடம்?"
"என் மூக்கு ஆமாங்குது. மூக்குக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதேம்மா. லேப் சொல்லட்டும்."

15.1.2008
பொங்கல். அடுப்பு மூட்டவில்லை.

29.1
லேப் சொல்லிவிட்டது. பங்க் மூடும்போது நிலத்தடித் தொட்டியில் விட்ட மிச்சப் பெட்ரோல் மண் வழியாகவே வயலுக்கும் கிணற்றுக்கும் வந்திருக்கிறது. அவரைக் கொன்ற விஷவாயுவும் அதன் ஆவிதான்.
பஞ்சநதம் வீடு தேடி வந்தார். "மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். சமாதானமாப் போயிடலாம், தங்கம்மா."
"போன மாசம் வரைக்கும் 'ஏய்'தானே? இப்ப தங்கம்மாவா? முதல்ல தொட்டியைத் தோண்டி எடுங்க."

20.2
தொட்டியைத் தூக்கினார்கள். அடியில் துரு தின்ற ஓட்டை. கையை விட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரை போனது. இந்த வருஷம் வயல் தரிசுதான். ஆனால் குத்தகை என் பேரில்.
ஸ்டேஷனில், "புது வாக்குமூலம் சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்" என்றார் ஏட்டு. நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினேன்.
"என் வீட்டுக்காரர் நல்லக்கண்ணு மண்ணெண்ணெய் ஊற்றவில்லை. அவர் சொன்னதை நான் நம்பாதது தப்பு."
இரண்டாவது வரி கேசுக்கு வேண்டாம் என்று அடிக்கப் பார்த்தார்.
விடவில்லை.