மீட்டரில் ஊசி இறங்கவில்லை

1937 டிசம்பர் 14, செவ்வாய்

குழந்தை குறைமாதத்தில் பிறந்ததால் அறையைச் சூடாக வைத்திருக்கச் சொன்னார் டாக்டர். என் வீட்டுக்காரர் கரண்டுக் கணப்பு ஒன்று வாங்கி வந்தார். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது கிடையாது. எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் நேரத்தில் இதையும் சேர்த்துக் கம்பி தாங்காதாம். அதனால் கரண்டு ஸ்டேஷனில் வேலை பார்க்கும் அவர், அங்கிருந்தே எங்கள் தெரு வீட்டு விளக்குகளை இரண்டு தடவை மங்க வைப்பார். அதைப் பார்த்ததும் நான் கணப்பை நிறுத்திவிட வேண்டும்.

இன்று விளக்குப் போட்டதும் வழக்கம்போல் பல்பைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடினேன். குழந்தைக்காக வேண்டிக்கொண்டதில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பல்பு மங்கியதை நான் பார்க்கவேயில்லை.

சற்று நேரத்தில் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏனுங்க, வேலையை உட்டுப்போட்டா வந்தீங்க?"

"மீட்டர்ல ஊசி எறங்கல அம்மணி. உனக்கோ கொழந்தைக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துபோட்டேன்."

"சாமி கும்பிட்டுட்டு இருந்தேனுங்க."

அவர் கோபிக்கவில்லை. கணப்பை நிறுத்தினார். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். வேலையை விட்டு வந்ததற்கு மேலதிகாரி என்ன சொல்வாரோ, அது வேறு கவலை.

கிளம்பும்போதுதான் சொன்னார். நான் கணப்பை நிறுத்தியதும் அங்கே மீட்டரில் ஊசி கொஞ்சம் இறங்குமாம். தினமும் அதைப் பார்த்த பிறகுதான் காப்பியைத் தொடுவாராம்.

இன்று அது ஆறிப்போயிருக்கும். நாளை கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட வேண்டும். சாமி தப்பாக நினைக்காது.