உடையாத ஈய முத்திரை

9 ஜூலை 2007, திங்கள்

இன்று காலையும் ஆபீசில் இன்டர்நெட் இல்லை. கல்கத்தா துறைமுகப் பக்கம், கிடர்பூர் முழுக்க முழங்கால் தண்ணீர், நனைந்து வந்து பார்த்தால் இந்தக் கூத்து. ஆபீஸ் முழுக்க இன்டர்நெட் பிரித்துக் கொடுக்கும் என் லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஈத் ஜீரோ வெளி லைனுக்கு, ஈத் ஒன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு. இரண்டு கேபிளையும் மாற்றிச் செருகினேன், ஓடியது. அப்படியென்றால் யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? அடுத்த மேசை பிரிட்டோதான். "விண்டோஸ் போட்டா இந்தத் தலைவலி இல்லல்லா சார்" என்று சிரிக்கிறவன்.

10, செவ்வாய்

ஓடியது.

11, புதன்

மறுபடி. முதலாளி பன்னீர்செல்வம் கத்தினார்: "கஸ்டம்ஸ் பேப்பர் எல்லாம் நிக்குது சார். இப்படியே போனா விண்டோஸ்தான்." பிரிட்டோவின் வேலை என்றேன். உடனே அவனைத் துறைமுக ஜெட்டி வேலைக்கு அனுப்பிவிட்டார், மழையில். "எங்கம்மா மேல சத்தியமா நான் தொடல சார்." என்றான் பிரிட்டோ, போகும்போது.

12, வியாழன்

இன்றும் இல்லை. மாலையில் பேப்பர் கொடுக்க பிரிட்டோ ஆபீசுக்கு வருகிறானே! இரண்டு கேபிளையும் சரியாக மாற்றிச் செருகி, பெட்டியோடு கம்பியால் கட்டி, கன்டெய்னருக்குப் போடும் ஈய முத்திரையை வைத்து நசுக்கினேன். எண் 4471. இனி தொடட்டும் பார்ப்போம்.

13, வெள்ளி

ஓடியது. ஆஹா.

14, சனி

ஓடவில்லை.

முத்திரை அப்படியே இருக்கிறது. 4471. கம்பியில் கீறல்கூட இல்லை.

பெட்டிக்குள் பதிவாகியிருந்ததைத் திறந்து படித்தேன். கேபிள் மாறவில்லை, கார்டுகளின் பெயர் மாறியிருக்கிறது. ஜூன் கடைசியில் லினக்ஸின் புது வெர்ஷன் ஏற்றினேன், யாரையும் கேட்காமல். அதில் எந்தக் கார்டு முதலில் விழிக்கிறதோ அது ஈத் ஜீரோ. தீ பயத்தில் தினமும் இரவு மெயின் சுவிட்சை அணைக்கிறோம். காலையில் எது முந்துமோ, யார் கண்டது?

ஐம்பத்தெட்டு வயதில் லினக்ஸைத் தனியாகப் படித்தவன் நான். யார் சொல்லித் தந்தார்கள்? இதையும் யாரும் சொல்லவில்லை.

15, ஞாயிறு

வாட்ச்மேனிடம் சாவி வாங்கி ஆபீசைத் திறந்தேன். ஒவ்வொரு கார்டுக்கும் பிறக்கும்போதே பதித்த எண் உண்டு. இந்த எண்ணுக்கு இந்தப் பெயர் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். ஏழு முறை அணைத்துப் போட்டேன். ஏழு முறையும் சரி.

இனி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

வீட்டில் மனைவி கோமதி கேட்டாள்: "அந்த மனுஷன் இன்னும் மழையிலதான் நிக்கிறாரா?" தெரியாது என்றேன். தெரியும்.

16, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். பிரிட்டோ தொடவில்லை, நான் ஏற்றிய வெர்ஷன்தான் காரணம். "அப்ப இந்தப் பெட்டியே வேணாம் சார். துர்கா பூஜைக்கு முன்னால விண்டோஸ் போட்டுருவோம்." சரிசெய்துவிட்டேன் என்றேன். கேட்கவில்லை. கெஞ்ச எனக்கு வராது.

18, புதன்

பிரிட்டோ மேசைக்கு வந்துவிட்டான். இருமுகிறான். முத்திரையைப் பார்த்து, "என்ன சார், பெட்டிய துபாய்க்கா ஏத்துதீய?" என்றான். மன்னிப்பு என்ற வார்த்தையும் எனக்கு வராது. கட்டிங் பிளேயரை அவன் கையில் கொடுத்து, நீயே வெட்டு என்றேன். வெட்டினான்.

இன்று காலையும் இன்டர்நெட் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.