கேட்காமல் வைத்த காப்பர்-டி

ராஜகீழ்ப்பாக்கம்,
12.3.1988

அன்புள்ள அம்மாவுக்கு, செண்பகம் வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

ஆஸ்பத்திரியில் போன வாரம் சின்னதாக ஒரு சண்டை, பயப்படாதே. போன மாதம் எங்கள் வார்டில் பிள்ளை பெற்ற மீன்காரி குப்பம்மா, வயிற்றுவலி என்று வந்தாள். பார்த்தால், உள்ளே கருத்தடைக்கு வைக்கிற காப்பர்-டி.

“என்னாண்ட யாருமே கேக்கலயேக்கா!” என்று அழுதாள்.

மாதம் இத்தனை பேருக்கு வைத்தோம் என்று கணக்குக் காட்டுவதற்காக, பிரசவம் ஆன கையோடு வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“இவங்களைக் கேட்டா ஒத்துப்பாங்களா? சம்மதம்னு எழுதி கைநாட்டு வாங்கிடும்மா” என்று சிரித்தார்.

மாட்டுக்கு ஊசி போடுவதென்றால்கூட மாட்டுக்காரனைக் கேட்கிறார்கள், அம்மா.

குப்பம்மா சொன்னபடி அதை எடுத்துவிட்டேன். ரிஜிஸ்டரில் ‘சம்மதம் கேட்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்றிலிருந்து வார்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை, தனியாகத்தான் சாப்பிடுகிறேன். நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. உனக்குக் கடிதம் எழுதித் தருகிறவரிடம் கொஞ்சம் நீளமாகவே எழுதச் சொல்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. இன்று இரண்டு பெண்கள் பிரசவ வலியோடு வந்திருக்கிறார்கள். காப்பர்-டி வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம் என்பதை, டாக்டரம்மா வருவதற்குள் அவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்.

உன் மகள்,
செண்பகவல்லி